மனைப்பிரிவுப் பூங்காவை நாமே வளர்ப்பது எப்படி: சேலம் மண்ணுக்கும் வெயிலுக்கும் ஏற்ற முழு வழிகாட்டி

சேலத்தில் எந்த மனைப்பிரிவுக்குப் போனாலும் அப்படி ஒரு இடம் இருக்கும். வரைபடத்தில் 'பூங்கா' என்று எழுதியிருப்பார்கள். நேரில் போய்ப் பார்த்தால் சீமைக்கருவேலம், கட்டட இடிபாடு, பால் கவர், நடுவில் ஆடு நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதை. ஏற்காடு அடிவாரம் போகும் வழியில், கன்னங்குறிச்சிப் பக்கம் எங்கள் காலனியிலும் ஒன்று இருந்தது. முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு.

முதல் வருடம் ஜூன் 5 அன்று நூறு கன்று நட்டோம். பேனர் கட்டினோம், எல்லோரும் வந்தார்கள், பிள்ளைகள் மண் அள்ளிப் போட்டார்கள். அடுத்த சித்திரையில் எண்ணிப் பார்த்தபோது ஒன்பதுதான் மிச்சம். அன்று நான் வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசவில்லை. ஆனால் அந்த ஒன்பதும் எங்கே நின்றன என்று மறுநாள் போய்ப் பார்த்ததில்தான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. எல்லாமே தெருவை ஒட்டிய மூலையில் நின்றன. அங்கே இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா, காலையில் அரிசி களைந்த தண்ணீரையும் பாத்திரம் அலசிய தண்ணீரையும் அந்தக் கன்றுகளுக்குத்தான் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. கடையிலிருந்து பார்த்தால் அந்தக் கன்றுகள் கண்ணில் பட்டன, அவ்வளவுதான்.

அதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட விதி இது: எங்கே ஒரு கண்ணும் கொஞ்சம் தண்ணீரும் ஏற்கனவே இருக்கிறதோ, அங்கிருந்து நடத் தொடங்க வேண்டும். கீழே வரும் வரிசை முழுக்க அந்த விதியை வைத்துத்தான்.

முதலில் இடத்தைப் பாருங்கள், கன்று அப்புறம்

இரண்டு வாரம் எதுவும் செய்யாதீர்கள். காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் போய் நில்லுங்கள். யார் நடக்கிறார்கள், பிள்ளைகள் எந்த மூலையில் கிரிக்கெட் ஆடுகிறார்கள், குப்பையை யார் எங்கிருந்து கொண்டுவந்து கொட்டுகிறார்கள், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். இடத்தைப் பார்த்த மாதிரி வாசல் உள்ள வீடுகளையும் கடைகளையும் தனியாக எழுதுங்கள். உங்கள் குழுவின் முதல் உறுப்பினர்கள் அவர்கள்தான். நகரத்தின் மறுகோடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரும் இருபது பேரைவிட, எதிர்வீட்டில் இருக்கும் நாலு பேர் பெரிய பலம்.

அந்த இடத்தை ஏற்கனவே பயன்படுத்துகிறவர்களிடம் பேசாமல் வேலி போடாதீர்கள். நாங்கள் கம்பி வேலிக்குக் குழி தோண்டிய அன்று, ஆடு மேய்க்கும் ஆயா வந்து நின்றார்.

"ஏந்தம்பி, கம்பியப் போட்டுட்டீங்கன்னா நான் ஆட்ட எங்க ஓட்டுவேன்?"

எங்களிடம் பதில் இல்லை. வேலையை நிறுத்தி, அவரோடு உட்கார்ந்து பேசினோம். கடைசியில் வடக்கு ஓரத்தில் பத்தடி அகலத்துக்கு ஆட்டுக்கு வழி விட்டோம். புல் அறுக்கும் உரிமையும் அவருக்கே என்று முடிவானது. இன்று வேறு யாருடைய மாடாவது உள்ளே வந்தால் முதலில் சத்தம் போடுகிறவர் அவர்தான்.

காகிதத்தைச் சரிபார்ப்பது

இந்த வேலையை எல்லோரும் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போட்டால், மரம் வளர்ந்த பிறகு "இது என் இடம்" என்று ஒருவர் வந்து நிற்பார்.

3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலைகள் போக மீதிப் பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. சிறிய மனைப்பிரிவுகளில் இடத்துக்குப் பதில் பணம் கட்டவும் வழி உண்டு. அதனால் உங்கள் மனைப்பிரிவில் உண்மையில் இடமே ஒதுக்கினார்களா, ஒதுக்கிய இடத்தைத் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்தார்களா என்று பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகல், தானப்பத்திரத்தின் நகல், நில அளவை வரைபடம் மூன்றும் கையில் இருக்க வேண்டும். கேட்டு வாங்க முடியவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை வேறு காரியத்துக்கு மாற்றக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருப்பதால், அந்த வரைபட நகல் உங்களுக்குப் பெரிய துணை.

அப்புறம் மாநகராட்சி என்றால் மண்டல அலுவலகத்தில், பேரூராட்சி, ஊராட்சி என்றால் அந்தந்த அலுவலகத்தில், "இந்த இடத்தில் எங்கள் செலவில் மரம் நட்டுப் பராமரிக்க அனுமதி வேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள். இடத்தின் உரிமை உள்ளாட்சிக்குத்தான் என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி பல சந்தேகங்களைத் தீர்க்கும். கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். எங்கள் முதல் மனு ஒரு அலுவலகத்தில் காணாமலே போய்விட்டது. எங்களிடம் ஒப்புகை இல்லாததால் நாலு மாதம் வீண். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர் நாளில் நகலோடு மனுக் கொடுக்கலாம்.

சுற்றுச்சுவர், ஆழ்துளைக் கிணறு மாதிரி பெரிய செலவு வந்தால் அரசின் 'நமக்கு நாமே' திட்டத்தைக் கேளுங்கள். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும்.

தண்ணீர்க் கணக்கு

எத்தனை கன்று நடலாம் என்பதை இடத்தின் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். கோடையில் உங்களால் எத்தனை லிட்டர் கொண்டுவர முடியும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

எங்கள் கணக்கு இது. ஒரு கன்றுக்கு ஒரு தடவைக்கு 12 லிட்டர். வாரத்துக்கு இரண்டு தடவை. அறுபது கன்றுக்கு வாரம் 1,440 லிட்டர். மாசி தொடங்கி வைகாசி பாதி வரை 15 வாரம் என்று வைத்தால் 21,600 லிட்டர். 6,000 லிட்டர் தண்ணீர் லாரி என்றால் நாலு நடை. நூறு கன்று நட்டபோது இந்தக் கணக்கை ஒருவர்கூடப் போட்டுப் பார்க்கவில்லை.

லாரி வந்து ஊற்றத் தொட்டி வேண்டும். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டிகளை மேட்டுப் பக்கமாக வைத்தால் மோட்டார் இல்லாமலே ஹோஸ் பைப்பில் தண்ணீர் ஓடும். எதிர்வீட்டுக் கிணற்றிலிருந்தோ போரிலிருந்தோ வாரம் இரண்டு நாள் தண்ணீர் தர ஒருவர் ஒப்புக்கொண்டால் அவருடைய மின் கட்டணத்தில் ஒரு பங்கைக் குழு கட்டிவிட வேண்டும். ஓசியில் வாங்கினால் இரண்டாம் மாதம் முகம் சுளிக்கும், அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இன்னொரு வழி மண்பானை. போகி அன்று ஒவ்வொரு வீட்டிலும் பழைய பானையை வெளியே வைப்பார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே தெருவில் சொல்லிவைத்துச் சேகரியுங்கள். அடியில் சின்ன ஓட்டை போட்டுப் பருத்தித் துணியைத் திரியாகச் செருகி, கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கழுத்து வரை புதையுங்கள். வாயை ஓட்டுச் சில்லால் மூடுங்கள், இல்லையென்றால் கொசு முட்டை வைக்கும். வெயிலில் ஆவியாகிப் போகாமல் தண்ணீர் நேராக வேருக்குப் போகும். போகி முடிந்து ஒரு மாதத்தில் கோடை ஆரம்பிப்பதால் காலமும் சரியாக அமைகிறது.

மண்

சேலத்து மண் தெருவுக்குத் தெரு மாறும். சூரமங்கலம், கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் பூமி. மேக்னசைட் வெட்டி எடுக்கிற நிலம் அது. கடப்பாரை போட்டால் ஒன்றரை அடியில் 'ணங்' என்று கேட்கும். மண்ணில் மெக்னீசியம் மிகுதி, காரத்தன்மை அதிகம். அடிவாரப் பக்கம் செம்மண்ணும் சரளையும். ஏரியை ஒட்டிய காலனிகளில் களி.

இரண்டு சோதனை போதும். முதலாவது, மண் மாதிரி. அஞ்சாறு இடத்தில் மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு அரை அடி ஆழத்துக்கு எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவை மண் பரிசோதனை நிலையத்திலோ சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுங்கள். மண்ணைத் திருத்த ஜிப்சம் போட வேண்டுமா என்பதை அந்த அறிக்கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். யாரோ சொன்னார்கள் என்று போடாதீர்கள்.

இரண்டாவது சோதனை நீங்களே செய்வது. இரண்டடி குழி தோண்டி மாலையில் நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு, காலையில் போய்ப் பாருங்கள். வற்றியிருந்தால் நல்ல இடம். எங்கள் தெற்கு மூலையில் மறுநாள் காலையில் குழிக்குள் வானம் தெரிந்தது. அடியில் பாறை, தண்ணீர் இறங்க வழியில்லை. அங்கே குழியில் நட்டால் மழைக்காலத்தில் வேர் அழுகும். அந்த மூலையில் மட்டும் ஒன்றரை அடி மேடு கட்டி, மேட்டின் மேல் பூவரசு நட்டோம். நன்றாக வந்திருக்கிறது.

என்ன மரம்

புங்கன், வேம்பு, இலுப்பை, நாவல், பூவரசு, மகிழம், சரக்கொன்றை, மந்தாரை. சேலத்து வெயிலுக்கு இவை போதும். நீர்மருது தண்ணீர் தேங்கும் பள்ளத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் மட்டும். அத்தி ஒன்றாவது வையுங்கள், பறவைகள் அதைத் தேடி வரும். ஆலும் அரசும் வேண்டும் என்றால் சுவர், சாக்கடை, தண்ணீர்க் குழாயிலிருந்து நன்றாகத் தள்ளி. மின்கம்பிக்குக் கீழே மந்தாரை மாதிரிச் சின்ன மரமே போதும். இல்லாவிட்டால் வருடா வருடம் வெட்டு விழும்.

பெரிய மரங்களுக்கு 20 முதல் 25 அடி இடைவெளி விடுங்கள். கன்றாக இருக்கும்போது அது வெறிச்சோடித் தெரியும், நடுவில் இன்னொன்று செருகலாம் என்று கை துடிக்கும். செருகாதீர்கள். காலி இடத்தில் சில வருடத்துக்குக் கீரை போடலாம்.

கோனோகார்ப்பஸ் என்ற அயல்நாட்டு மரம் வேண்டவே வேண்டாம். சீக்கிரம் பச்சை காட்டும், அதனால் பலர் கேட்பார்கள். அதன் மகரந்தத்தாலும் வேராலும் வரும் தொல்லைக்காக 2023-இல் குஜராத் அரசு அதைத் தடை செய்தது. முருங்கையைப் பிள்ளைகள் விளையாடும் பக்கம் வைக்காதீர்கள். காற்றில் கிளை முறியும், பருவத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக் கிடக்கும். நம் ஊர் மாம்பழ ஊர்தான், ஆனால் பொது இடத்து மாமரம் கல்லெறியையும் சண்டையையும் கொண்டுவரும் என்பது என் அபிப்பிராயம். நாவல் பழத்துக்கு யாரும் சண்டை போடுவதில்லை, கீழே விழுந்ததைப் பொறுக்கித் தின்றுவிட்டுப் போவார்கள்.

கன்று மூன்று நாலு அடி உயரமாவது இருக்க வேண்டும். வனத்துறை நாற்றங்காலில் பெரும்பாலும் சின்னப் பையில்தான் கிடைக்கும். வாங்கிப் பெரிய பைக்கு மாற்றி, ஒரு வருடம் வீட்டு வாசலில் வளர்த்துவிட்டு நடுங்கள். வாசலில் ஒரு வருடம் வளர்த்த வீடு, நட்ட பிறகும் அந்தக் கன்றை விடாது. எங்கள் குழுவில் இந்த ஏற்பாட்டைப் போல வேறெதுவும் பலன் தரவில்லை.

வேலி

இரும்புக் கூண்டு திருடு போகும். உயிர்வேலி போகாது. ஆடாதொடையும் நொச்சியும் போடுங்கள். இரண்டும் போத்து, அதாவது கிளைத் துண்டு, வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும். 'ஆடு தொடா இலை' என்பதுதான் ஆடாதொடை ஆனது என்பார்கள், ஆடு உண்மையிலேயே அதில் வாய் வைப்பதில்லை. சளிக்கு ஆடாதொடையும் ஆவி பிடிக்க நொச்சியும் தேடிக் காலனிக்காரர்கள் வருவார்கள், அதுவும் நல்லதுதான். ஒரு முழம் இடைவெளியில் இரண்டு வரிசை, மழைக்காலத்தில் நட்டால் அடுத்த வருடம் இடுப்பளவு நிற்கும். அதுவரை கன்றைச் சுற்றி முள் வையுங்கள். சீமைக்கருவேலத்தை வெட்டியபோது கிடைத்த முள்ளே போதும். விதையோடு காய் இருந்தால் மட்டும் உதிர்த்து எடுத்துவிடுங்கள்.

குழி, நடவு

சித்திரையில் குழி எடுங்கள். மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி. கல் பூமியில் கடப்பாரையோடு மல்லுக்கட்டி இரண்டடி இறங்கினாலும் சரி. மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை இன்னொரு பக்கமும் போட்டுக் குழியை ஒரு மாதமாவது வெயிலில் ஆறவிடுங்கள். கோடை மழை ஒன்று இரண்டு இறங்கினால் இன்னும் நல்லது. பிள்ளைகள் விழாமல் குழியைச் சுற்றி முள்ளோ கயிறோ கட்ட மறக்காதீர்கள்.

ஜூன் மாதம் சேலத்தில் நடுவது எனக்கு உடன்பாடு இல்லை. நமக்கு நல்ல மழை ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரைதான். அதற்கு முன்னால் ஆடிக் காற்று வேறு, புதுக் கன்றை வேரோடு ஆட்டிவிடும். ஆடிப்பெருக்கு கழிந்து, ஆவணியில் முதல் நல்ல மழை பெய்த மறுநாள் நடுங்கள். விழாவுக்குத் தேதி குறித்துவிட்டு மழைக்குக் காத்திருக்காதீர்கள், மழை வரட்டும், தேதியை வாட்ஸ்அப்பில் முந்தின நாள் சொன்னால் போதும்.

நடும் முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிக் கன்றுகள் இங்கேதான் சாகின்றன. மேல்மண்ணோடு இரண்டு பாண்டு மட்கிய தொழு உரம், கால் கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து குழியை முக்கால் நிரப்புங்கள். புண்ணாக்கு கரையான் அண்டாமல் இருக்க. பையைக் கையால் கிழித்து இழுக்காதீர்கள். பிளேடால் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழித்து, அடியையும் அறுத்து எடுங்கள். மண் கட்டி உடையக் கூடாது. அடியில் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் அந்தச் சுருளை மட்டும் நறுக்குங்கள், அப்படியே நட்டால் பத்து வருடம் கழித்து அந்த வேரே மரத்தின் கழுத்தை நெரிக்கும். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ, தரையும் அதே மட்டத்தில் வர வேண்டும். தண்டை ஆழமாகப் புதைத்தால் பட்டை அழுகும். சுற்றி மண்ணைக் காலால் மிதித்து இறுக்கி, ஒரு குச்சி ஊன்றி, சணல் கயிற்றால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். பிளாஸ்டிக் கயிறு பட்டையை அறுத்துவிடும்.

மழைக்காலத்தில் தண்டடியில் தண்ணீர் தேங்காதபடி சுற்றியுள்ள மண்ணை வெளிப்பக்கம் சரிவாக விடுங்கள், தண்டின் மேல் மண் ஏறக் கூடாது. மழை ஓய்ந்து தை பிறந்ததும் வட்டப் பாத்தி கட்டுங்கள். இலை நுனி எங்கே முடிகிறதோ அந்த வட்டத்தில் வரப்பு. உள்ளே நாலு விரல் கனத்துக்குச் சருகு மூடாக்கு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.

முதல் இரண்டு கோடை

வாசலில் ஒரு கரும்பலகை வைத்துக் கிழமைக்கு இரண்டு வீடு என்று எழுதினோம். வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் எந்த வீட்டுக்கும் சுமை ஏறக் கூடாது, ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டோடு மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு கன்றுக்கும் எண். வரவு செலவும் அதே பலகையில்தான், மாதம் ஒரு முறை. பணத்தைவிடப் பொருளாகக் கேட்டால் மக்கள் மகிழ்ச்சியாகத் தருகிறார்கள், "ஒரு மூட்டை புண்ணாக்கு", "ஒரு நடை தண்ணீர்" என்று.

தூய்மைப் பணியாளர்களிடம் முதலிலேயே பேசுங்கள். சருகைக் கூட்டி எரிக்கச் சொல்லி அவர்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். நாங்கள் மூலையில் கோழி வலையை மூன்றடி அகல வளையமாகக் கட்டி, சருகை அதில் போடச் சொன்னோம். ஒவ்வோர் அடி சருகுக்கும் ஒரு வாளி சாணிக் கரைசல், வாரம் ஒரு முறை தண்ணீர். மூன்று மாதத்தில் மட்கிய எரு. அதில் பாதியை அவர்கள் வீட்டுத் தொட்டிச் செடிக்குக் கொண்டுபோகலாம் என்று சொன்னதிலிருந்து எங்கள் பூங்காவில் ஒரு நாளும் தீ வைக்கப்படவில்லை.

கன்று சோர்ந்தால் ஜீவாமிர்தம் கொடுங்கள். 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ பசுஞ்சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி நல்ல மண். நிழலில் வைத்துக் காலையும் மாலையும் கலக்கி இரண்டு நாள் கழித்து ஊற்றலாம்.

காய்கறிப் பாத்தி ஒரு மூலையில் போதும். ஆடிப் பட்டம் இதற்குத்தான். சிறுகீரை, அரைக்கீரை, வெண்டை, கொத்தவரை. தண்ணீர் ஊற்றிய வீட்டுக்கே பறிக்கும் உரிமை என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.

ஏரிக்கரையும் மலையும்

ஏரியில் கை வைக்க நினைத்தால் மூக்கனேரியை ஒரு நாள் நடந்து பாருங்கள். 2010-இல் சேலம் மக்கள் குழு தொடங்கிய வேலை. சுமார் 58 ஏக்கர் ஏரி. தூர் வாரிய மண்ணை வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத்திட்டாகக் குவித்து, அதன் மேல் மரம் வளர்த்தார்கள். மண் ஏற்றும் செலவு மிச்சம், பறவைகளுக்கு நாயும் மனிதனும் எட்டாத இடம். கரையில் நடும்போது கரையின் மேல்மட்டத்தில் பெரிய மரம் வேண்டாம், உள்சரிவில் வெட்டிவேர் போட்டால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

சேர்வராயன் மலையில் வேலை வேறு. 1,500 மீட்டர் உயரத்தில் சமவெளிப் பட்டியலைக் கொண்டுபோய் நடுவது தவறு. அங்கே பெரிய வேலை புதராக மண்டும் உண்ணிச்செடியை (லான்டானா) அகற்றுவது. அதை மழைக்கு முன்னால் மொத்தமாகப் பிடுங்கினால் சரிவு மண் அப்படியே இறங்கிவிடும். ஒரு பட்டை எடுத்து ஒரு பட்டை விட்டு, எடுத்த இடத்தில் உடனே புல்லும் கன்றும் வைத்து, அடுத்த வருடம் மீதியை எடுக்க வேண்டும். எந்த மரம் எந்தச் சரிவில் இருந்தது என்று அங்கே வாழும் மலையாளிப் பழங்குடிப் பெரியவர்களிடம் கேளுங்கள். காட்டு நிலம் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு செடிகூடத் தொடாதீர்கள்.

மூன்றாம் ஆண்டு

இரண்டு கோடை தாண்டிய கன்றுக்குத் தண்ணீரை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். வாரம் இரண்டை ஒன்றாக்கி, பிறகு பத்து நாளுக்கு ஒன்றாக்குங்கள். ஊன்றிய குச்சியைப் பிடுங்கிவிட்டு மரத்தைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அடி அசையாமல் மேலே மட்டும் வளைந்தால் வேர் பிடித்தாயிற்று. கீழ்க்கிளைகளைத் தலைக்கு மேல் வரும் அளவுக்குக் கவாத்து செய்யுங்கள், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

பிடுங்கிய குச்சியையும் முள்ளையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். எங்களுடையவை இப்போது இரண்டு தெரு தள்ளி இன்னொரு மனைப்பிரிவில் இருக்கின்றன. அங்கே முதல் எட்டுக் குழியை ஒரு தையல் கடைக்கு நேர் எதிரே எடுத்திருக்கிறோம். கடைக்காரர் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் ஒரு குடம் தண்ணீரோடுதான் வெளியே வருகிறார்.